பழைய பயாஸ், பெரிய ஹார்ட் டிஸ்க்: 137 ஜிபிக்கு அப்பால் கிடக்கும் கெர்னலை பூட் செய்வது எப்படி

அம்பாசமுத்திரம் பக்கம் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் அரிசி ஆலை வைத்திருக்கிறார். பிசான அறுவடை நேரத்தில், காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து ஃபோன். "தம்பி, வாசல்ல நாலு லாரி நெல்லோட நிக்கி. எடை போடுத கம்ப்யூட்டர் கருப்பா ஏதோ எழுதிட்டு அப்படியே நிக்கி. என்ன செய்யணும்னு சொல்லும்."

எடை மேடைக்கு அவர் வைத்திருப்பது பெண்டியம் 4 காலத்து மெஷின். மாற்றச் சொல்லி நானே ஒரு தடவை சொன்னேன், ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது நியாயம்தான்: எடை காட்டும் கருவி சீரியல் போர்ட்டில் பேசுகிறது, மூன்று நகல் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பேரலல் போர்ட்டில் இருக்கிறது, எல்லாம் ஓடுகிறது, எதற்காகத் தூக்கிப் போட வேண்டும்? முந்தின வருஷம் பழைய 40 ஜிபி டிஸ்க் செத்துப்போனபோது 320 ஜிபி ஐடிஇ (பட்டை கேபிளில் மாட்டும் பழைய வகை) டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, டெபியன் 12 லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பத்து மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் லினக்ஸின் மையப் புரோகிராமான கெர்னலுக்கு அப்டேட் வந்தது, மறுநாள் காலை இந்த ஃபோன்.

பழைய போர்டில் பெரிய டிஸ்க் மாட்டியவர்கள் நிறையப் பேருக்கு இது இப்படித்தான் வரும். முதல் நாள் வராது. பல மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று நிற்கும், உடனே எல்லாரும் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிக் கழற்றி வைத்துவிடுவார்கள். டிஸ்க் போகவில்லை. கெர்னலை எடுத்து மெமரியில் ஏற்றும் பூட் லோடர் என்கிற சின்ன புரோகிராம் தேடும் கோப்பு, மெஷினைப் போட்டதும் போர்டிலிருந்து முதலில் ஓடும் பயாஸின் கை எட்டாத தூரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்குப் பார்க்கும் அக்காவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லி, திரையில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னேன். "எரர்: அட்டெம்ப்ட் டு ரீட் ஆர் ரைட் அவுட்சைட் ஆஃப் டிஸ்க் எச்டி0." அதற்குக் கீழே "யூ நீட் டு லோடு த கெர்னல் ஃபர்ஸ்ட்." முதல் வரியிலேயே விஷயம் முடிந்தது. டிஸ்கின் எல்லைக்கு வெளியே படிக்கப் பார்க்கிறாய் என்கிறது க்ரப், அதுதான் இந்த மெஷினின் பூட் லோடர். டிஸ்க் 320 ஜிபி, ஆனால் பயாஸ் க்ரப்பிடம் சொல்லியிருக்கும் எல்லை 137 ஜிபி.

மெஷினை ஆஃப் செய்து திரும்பப் போட்டு, க்ரப் மெனு வந்ததும் இரண்டாவது வரியில் இருக்கும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், கீழே இருக்கும் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பூட் ஆகிவிட்டது. லாரிகள் எடை போட்டுப் போயின. உங்களுக்கும் இது நடந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பழைய கெர்னல் பூட் ஆகிறது, புதியது ஆகவில்லை, மேலே சொன்ன எரர் வருகிறது என்றால் நோய் இன்னதென்று ஏறக்குறைய உறுதி.

சரி, இது ஏன் நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம், அது புரிந்தால் வைத்தியம் தானாகப் புரியும். டிஸ்கில் இருக்கும் ஒவ்வொரு செக்டாருக்கும் ஒரு எண் உண்டு, செக்டார் ஒன்றுக்கு 512 பைட். எடைச் சீட்டில் எடை எழுத ஐந்து கட்டம்தான் அச்சடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 99999 கிலோவுக்கு மேல் ஒரு கிலோ ஏறினாலும் எழுத இடம் இல்லை. பழைய பயாஸ் செக்டார் எண்ணை எழுத வைத்திருப்பது 28 பிட் கட்டம். அதில் எழுதக்கூடிய எண்கள் 26 கோடியே 84 லட்சத்து 35 ஆயிரத்து 456. அதை 512ஆல் பெருக்கினால் 137 ஜிபி சொச்சம். அதற்கு மேல் இருக்கும் செக்டாரைக் கேட்க அந்த பயாஸுக்கு வாயே இல்லை. 48 பிட் முறை 2002 வாக்கில்தான் ஐடிஇ டிஸ்குகளுக்கான ஏடிஏ தரத்துக்குள் வந்தது, அதற்கு முன்பு எழுதிய பயாஸ்கள் எல்லாம் இந்த வேலிக்குள்தான்.

இது முதல் வேலியும் இல்லை. அதற்கு முன்பு, டிஸ்கில் ஒரு இடத்தைச் சிலிண்டர், ஹெட், செக்டார் என்று மூன்று எண்ணால் சொன்ன காலத்தில், 528 எம்பியில் ஒன்று இருந்தது: பயாஸ் 1024 சிலிண்டருக்கும் 63 செக்டாருக்கும் மேல் போகாது, டிஸ்க் 16 ஹெட்டுக்கு மேல் போகாது, இரண்டு பக்கமும் எது சிறியதோ அதை எடுத்துப் பெருக்கினால் அந்த எண் வரும். ஹெட்டை 255 என்று பொய்க்கணக்கு காட்டி 8.4 ஜிபி வரைக்கும் இழுத்தார்கள். லிலோ பூட் லோடர் பயன்படுத்தியவர்களுக்கு அந்த 1024 சிலிண்டர் கதை நன்றாக ஞாபகம் இருக்கும், திரையில் 'எல் ஐ' என்று இரண்டே எழுத்து வந்து நின்றுவிடும். இந்தப் பக்கம் 2.2 டிபியில் இன்னொரு வேலி இருக்கிறது, அது டிஸ்கை எந்தெந்தப் பகுதிகளாக (பார்டிஷன்) பிரித்திருக்கிறது என்று எழுதி வைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணையின் 32 பிட் கட்டத்தால் வருவது.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று. லினக்ஸ் கெர்னல் மேலே ஏறிவிட்டால் டிஸ்கைப் படிக்க பயாஸைக் கேட்பதே இல்லை, தன்னுடைய டிரைவரை வைத்து நேராக கன்ட்ரோலரிடம் பேசுகிறது. அதனால்தான் பயாஸ் 137 ஜிபி என்று சொன்ன அதே மெஷினில் லினக்ஸ் 320 ஜிபியையும் பார்க்கிறது, எழுதுகிறது, படிக்கிறது. சிக்கல் பவர் பட்டனை அமுக்கியதிலிருந்து கெர்னல் மெமரிக்கு வரும் வரைக்குமான அந்தச் சில விநாடி மட்டும். அந்த நேரத்தில் பூட் லோடருக்கு பயாஸை விட்டால் கதி இல்லை, நாம் வேறு வழி காட்டாத வரைக்கும். லிலோ, எக்ஸ்ட்லினக்ஸ் போன்ற சின்ன பூட் லோடர்கள் எடை குறைந்தவைதான், எனக்கும் பிடித்தவைதான், ஆனால் அவையும் பயாஸைக் கேட்டுத்தான் படிக்கும். அவற்றுக்கு மாறினால் இந்த நோய் தீராது.

இனி வேலை. ஃபோனில் நான் சொல்லச் சொல்லத்தான் அந்த அக்கா அடித்தார், அதே வாக்கில் எழுதுகிறேன். எல்லாம் ரூட் (நிர்வாகி) உரிமையோடு டெர்மினலில் அடிக்க வேண்டியவை.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எச்டிபார்ம் என்று அடித்து, இரண்டு கோடு போட்டு ஃபிப்மேப் என்று சேர்த்து, இடம் விட்டு, கெர்னல் கோப்புகள் இருக்கும் பூட் அடைவிலிருந்து ஒரு கோப்பின் முழுப் பெயரையும் கொடுங்கள். அந்தக் கோப்பு டிஸ்கில் எந்த செக்டாரில் தொடங்கி எந்த செக்டாரில் முடிகிறது என்று அட்டவணை போட்டுக் காட்டும், எண்கள் டிஸ்கின் ஆரம்பத்திலிருந்தே எண்ணியவை, பார்டிஷன் தொடக்கத்தைத் தனியாகக் கூட்ட வேண்டாம். ஆலை மெஷினில் பழைய கெர்னலுக்கு வந்த எண்கள் எல்லாம் 26 கோடிக்குள். புதிய கெர்னல் கோப்புக்கும், பூட் ஆகும்போது அதனோடு சேர்ந்து மெமரியில் ஏறும் துணைக் கோப்பான இனிட்ரேமுக்கும் வந்தவை 31 கோடியைத் தாண்டி. கெர்னல் கோப்பு, இனிட்ரேம் கோப்பு இரண்டையும் பாருங்கள், ஒன்று வெளியே இருந்தாலும் பூட் ஆகாது. பல துண்டாகக் கிடக்கும் கோப்பு என்றால் எல்லா வரியையும் பாருங்கள், ஒரு துண்டு எல்லை தாண்டினால் போதும்.

கோப்பு ஏன் அங்கே போனது என்று அண்ணாச்சி கேட்டார். கோப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது ஃபைல் சிஸ்டம், அதற்கு பயாஸைப் பற்றி ஒன்றும் தெரியாது, எங்கே இடம் காலியோ அங்கே வைக்கும். அதனால் புதிய கெர்னலை எடுத்துவிட்டுத் திரும்ப நிறுவினால் சில சமயம் சரியாகிவிடும், ஆனால் அடுத்த அப்டேட்டில் எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. அதை வைத்தியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உறுதியான வழி, பூட் அடைவை டிஸ்கின் தொடக்கத்திலேயே ஒரு சின்னத் தனி பார்டிஷனில் வைத்துவிடுவது. புதிதாக நிறுவுகிறவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை: நிறுவும்போது பார்டிஷனை நீங்களே போடுகிறேன் என்று சொல்லி, முதல் பார்டிஷனாக 1 ஜிபி ஒதுக்கி, அதன் மவுண்ட் பாயிண்ட்டை (அது எந்த அடைவாகத் தெரிய வேண்டும் என்பதை) பூட் என்று கொடுங்கள். மீதியை உங்கள் விருப்பம் போல. பழைய போர்டில் பெரிய டிஸ்க் என்றால் இதைச் செய்யாமல் நிறுவவே கூடாது என்பது என் கருத்து, நானே பத்து மாதம் முன்பு இதைச் செய்திருந்தால் அந்த நாலு லாரியும் காத்து நின்றிருக்காது.

ஏற்கெனவே நிறுவிய டிஸ்கில் செய்வதென்றால் தொடக்கத்தில் இடம் வேண்டும். ஆலை டிஸ்கில் முதல் பார்டிஷனாக 4 ஜிபி ஸ்வாப் (மெமரி போதாதபோது கெர்னல் பயன்படுத்தும் இடம்) போட்டிருந்தேன், அது இப்போது கைகொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய் இதைத்தான் செய்தேன்.

பழைய கெர்னலில் பூட் செய்து, முதல் வேலையாக ஆலைக் கணக்குகள் முழுவதையும் வெளி டிஸ்கில் நகல் எடுத்தேன். இதைத் தாண்டிப் போகாதீர்கள். பிறகு ஸ்வாப்-ஆஃப், கோடு ஏ கொடுத்து ஸ்வாப்பை நிறுத்தி, எந்த பார்டிஷன் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதன் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி. எஃப்டிஸ்கில் அந்த பார்டிஷனின் வகையை 82இலிருந்து 83க்கு மாற்றினேன். எம்கேஎஃப்எஸ் புள்ளி எக்ஸ்ட்2 என்று அடித்து பார்டிஷன் பெயரைக் கொடுத்து ஃபார்மேட். எக்ஸ்ட்4 போட்டாலும் தவறில்லை, ஆனால் நாலைந்து கோப்பு வைக்கும் இடத்துக்கு எக்ஸ்ட்2 போதும், எந்த பூட் லோடரும் அதைப் படிக்கும். பார்டிஷன் பெயரை அடிப்பதற்கு முன்பு எல்எஸ்பிஎல்கே அடித்து இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள், தவறான பெயருக்கு ஃபார்மேட் கொடுத்தால் அப்புறம் திரும்ப வராது.

அதை எம்என்டி அடைவில் மவுண்ட் செய்து, சிபி கோடு ஏ கொண்டு பூட் அடைவில் இருப்பதை எல்லாம் அங்கே நகலெடுங்கள். பிஎல்கேஐடி அடித்தால் புது பார்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி தெரியும், அதை எஃப்எஸ்டேப்பில் பூட்டுக்கு ஒரு வரியாகச் சேருங்கள். எம்என்டியிலிருந்து கழற்றிவிட்டு, பழைய பூட் அடைவின் பெயரை பூட்-பழசு என்கிற மாதிரி ஏதாவது மாற்றி, காலியாக ஒரு பூட் அடைவு உருவாக்கி, மவுண்ட் பூட் என்று அடித்தால் புது பார்டிஷன் அந்த இடத்தில் வந்து உட்காரும். பழசை அழிக்காதீர்கள், இரண்டு தடவை நன்றாக பூட் ஆகும் வரைக்கும் அது அங்கேயே கிடக்கட்டும்.

இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் சிக்கிக்கொள்வார்கள். டெபியன் நிறுவும்போது, மெஷின் உறங்கி எழுந்தால் எந்த ஸ்வாப்பைப் பார்க்க வேண்டும் என்று இனிட்ரேமுக்குள் எழுதி வைத்திருக்கும். நாம் அந்த ஸ்வாப்பை அழித்துவிட்டோம், அது தெரியாமல் ஒவ்வொரு பூட்டிலும் அரை நிமிடம் அதைத் தேடிக்கொண்டு நிற்கும். ஈடிசி அடைவில் இனிட்ரேம்எஃப்எஸ்-டூல்ஸ், அதற்குள் கான்ஃப் புள்ளி டி, அதற்குள் ரெஸ்யூம் என்ற கோப்பு. அதில் ரெஸ்யூம் சமக்குறிக்கு எதிரே இருப்பதை எடுத்துவிட்டு, எதுவும் இல்லை என்று பொருள்படும் நன் என்ற ஆங்கிலச் சொல்லைப் போடுங்கள், இடது பக்கம் பெரிய எழுத்து, வலது பக்கம் சின்ன எழுத்து. பிறகு அப்டேட்-இனிட்ரேம்எஃப்எஸ், கோடு யூ, கோடு கே ஆல்.

கடைசியாக க்ரப்-இன்ஸ்டால் அடித்து டிஸ்கின் பெயர், பார்டிஷன் எண் இல்லாமல் முழு டிஸ்கின் பெயர். அப்புறம் அப்டேட்-க்ரப். ரீபூட். ஆலை மெஷின் புது கெர்னலோடு எழுந்தது. ஸ்வாப்புக்கு, லினக்ஸ் நிறுவியிருக்கும் ரூட் பார்டிஷனிலேயே 2 ஜிபியில் ஒரு கோப்பு போட்டுக் கொடுத்தேன், அது 137 ஜிபிக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் கவலை இல்லை, அதைத் தொடுவது கெர்னல் மட்டும்தான்.

தொடக்கத்தில் இடமே இல்லாதவர்கள் என்ன செய்வது? ரூட் பார்டிஷனின் இடது ஓரத்தை ஜிபார்ட்டட் கொண்டு நகர்த்தலாம். ஆனால் உள்ளே இருக்கும் அத்தனையும் இடம் மாறும், மணிக்கணக்கில் ஓடும், நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. நம்ம ஊரில் ஐப்பசி கார்த்திகை இடி மழையில் அந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம். தென்காசியில் ஒரு ஸ்டூடியோக்காரர் மெஷினில் 500 ஜிபி முழுவதும் ஒரே பார்டிஷன், பெரும்பாலும் கல்யாணப் படங்கள். அங்கே வேறு வழி எடுத்தேன், பயாஸை உண்மையிலேயே தாண்டிப் போகிற வழி அதுதான்.

க்ரப்புக்குள்ளேயே டிஸ்க் டிரைவர்கள் இருக்கின்றன. ஐடிஇக்கு ஒன்று, சாட்டாவின் ஏஎச்சிஐ முறைக்கு ஒன்று. சாதாரணமாக அவை தூங்கிக்கொண்டிருக்கும், பயாஸ் வழியாகப் படிக்கும் மாட்யூல்தான் வேலை செய்யும். எழுப்பிவிட்டால் க்ரப் பயாஸைக் கேட்காமல் நேராக கன்ட்ரோலரோடு பேசும், 48 பிட் எண்ணும் அதற்குத் தெரியும். இதில் எனக்குப் பிடித்தது, எதையும் எழுதாமலே சோதித்துப் பார்க்கலாம் என்பது. க்ரப் மெனுவில் சி எழுத்தை அமுக்கினால் கட்டளை வரி வரும். எல்எஸ், கோடு எல் அடித்தால் எச்டி0க்கு எதிரே மொத்த அளவு கேஐபி (1024 பைட்) கணக்கில் தெரியும். 13 கோடியே 42 லட்சத்தை ஒட்டி ஒரு எண் வந்தால் அது 137 ஜிபி வேலி. அப்புறம் நேட்டிவ்டிஸ்க் என்று ஒரே சொல்லாக அடித்து என்டர். கொஞ்ச நேரம் எடுக்கும். திரும்ப எல்எஸ் அடித்தால் எச்டி0 போய் ஏடிஏ0 என்கிற மாதிரி பெயர் வந்திருக்கும், அளவும் முழுதாகத் தெரியும். எஸ்கேப் அமுக்கி மெனுவுக்கு வந்து, பூட் ஆகாத அந்தப் புது கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டூடியோ மெஷினில் அது அப்படியே பூட் ஆனபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஆறு வருஷப் படங்கள் போய்விட்டன என்றே நினைத்திருந்தார்.

மெஷின் அப்படியே உறைந்து நின்றால் உங்கள் கன்ட்ரோலருக்கும் க்ரப் டிரைவருக்கும் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். ரீசெட் அமுக்குங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

சோதனை சரியாக வந்தால் நிரந்தரமாக்கலாம். லினக்ஸுக்குள் போய் க்ரப்-இன்ஸ்டால், இடம் விட்டு இரண்டு கோடு டிஸ்க்-மாட்யூல், சமக்குறி, நேட்டிவ், இடம் விட்டு டிஸ்கின் பெயர். இப்போது டிரைவர்கள் க்ரப்பின் உட்கருவிலேயே சேர்ந்துவிடும். அந்த உட்கரு டிஸ்கின் முதல் செக்டாருக்கும் முதல் பார்டிஷனுக்கும் நடுவே இருக்கும் சந்தில் உட்காருகிறது. இன்றைய முறையில் பார்டிஷன் 2048ஆவது செக்டாரில் தொடங்கும், கிட்டத்தட்ட 1 எம்பி இடம், தாராளம். பழைய டாஸ் காலத்து முறையில் 63இல் தொடங்கினால் நடுவே 62 செக்டார், அதாவது 31,744 பைட்தான். டிரைவர்களோடு சேர்ந்த உட்கரு அதில் அடங்காது, 'எம்பெடிங் ஏரியா இஸ் அன்யூஷுவலி ஸ்மால்' என்று சொல்லி நிறுவ மறுத்துவிடும். அதே டிஸ்கில் விண்டோஸும் வைத்திருப்பவர்கள் இந்த வழிக்குப் போக வேண்டாம், தனி பூட் பார்டிஷனே உங்களுக்கு நல்லது.

இரண்டும் முடியாத மெஷின்களுக்கு மூன்றாவது ஒன்று இருக்கிறது. பூட் அடைவை ஒரு பென் டிரைவிலோ கழித்துப் போட்ட சின்ன ஐடிஇ டிஸ்கிலோ வைத்து, க்ரப்பையும் அதிலேயே நிறுவி, அதிலிருந்து பூட் செய்வது. பெரிய டிஸ்கைக் கண்டாலே பயாஸ் திரையில் உறைந்து நிற்கிற போர்டுகள் உண்டு, 33.8 ஜிபிக்கு மேல் போனால் இப்படி நிற்பவை ஒரு காலத்தில் நிறைய இருந்தன. அவற்றில் பயாஸ் செட்டப்புக்குள் போய் அந்த டிஸ்க் இருக்கும் இடத்தில் நன் என்று போட்டுவிடுங்கள். பயாஸ் அதைத் தொடாது, கெர்னல் வந்து தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

32 பிட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டெபியன் 13இல் 32 பிட் பிசிக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை, 12லேயே இருங்கள்.

ஆலையில் பூட் பார்டிஷன் நிரம்பிவிடாமல் இருக்க, தேவையற்ற பழைய கெர்னல்களை எடுத்துவிடும் ஆப்ட் ஆட்டோரிமூவ் கட்டளையை மாதம் ஒரு தடவை அடிக்கச் சொல்லி, அக்காவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கெர்னல் அப்டேட் வந்தபோது ஃபிப்மேப் அடித்து எண்களை வாசித்துச் சொன்னார். எல்லாம் 84 லட்சத்துக்குள் இருந்தன.